ஐந்து மணித் தாள்

நம் துறையின் யூவி மெஷினுக்கு முன்பதிவு செய்ய ஒரு செல்போன் செயலி வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். தினமும் மாலை ஆறு மணிக்குத் திறக்குமாம். மூன்றே நிமிடத்தில் மறுநாள் முழுவதும் நிரம்பிவிடுமாம். சோதித்துப் பார்த்தபோது அப்படித்தான் நடந்தது என்று உங்களில் ஒருவர் போனில் பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். நானும் இதே மெஷினுக்கு ஒரு முன்பதிவு முறை கொண்டுவந்து, இதே போல் பெருமைப்பட்டுக்கொண்டவள்தான். அந்தக் கதையைத்தான் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். ஓய்வு பெற்றவளிடம் நான்கு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். நான்கு பக்கம் வந்தால் அது உங்கள் தவறு.

வேதியியல் துறைக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது, எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை, ஒளியை அதற்குள் அனுப்பிப் பார்த்துச் சொல்லும் பெட்டி அது. துறைக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இல்லாமல் பாதிப் பேருடைய ஆய்வு நகராது.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த இடத்திலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அதன் சாவி ஒரு பேராசிரியரின் சட்டைப்பையில் இருக்கும். அவருடைய மாணவர்கள் கேட்டால் சாவி வெளியே வரும். நான் கேட்டால் “நாளைக்குப் பார்க்கலாம்மா” என்பது மட்டும் வெளியே வரும். அந்த நாளைக்காக ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து, கழிவறையில் போய் அழுதிருக்கிறேன். அதனால்தான், இங்கே துறைத் தலைவரானதும் முதல் வாரமே செய்த காரியம், சாவியை எல்லார் கையிலிருந்தும் பிடுங்கி, மெஷின் அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டியது.

தினமும் மாலை ஐந்து மணிக்கு மறுநாளுக்கான தாள் ஒட்டப்படும். எட்டு நேரங்கள். முதலில் வந்து எழுதுகிறவருக்கு முதலில். ஒருவருக்காக இன்னொருவர் எழுதக் கூடாது. எழுதிய நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. யாருடைய மாணவர், எந்த ஊர், எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்று தாள் கேட்காது. ஆசிரியர் கூட்டத்தில் இதைப் படித்தபோது கைதட்டினார்கள். நானும் மனதுக்குள் எனக்கே கைதட்டிக்கொண்டேன். பழைய தாள்களைக் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கவும் சொன்னேன். பின்னால் யாராவது குறை சொன்னால் முகத்தில் விட்டெறிய ஆதாரம் வேண்டாமா?

இரண்டு வருடம் எந்தக் குறையும் வரவில்லை. மூன்றாவது வருடம் கௌசல்யா வந்தாள்.

கௌசல்யா எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பத்துப் பெண். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் வியாபாரம். அவளுடைய ஆய்வு வழிகாட்டி பொங்கலுக்குப் பிறகு மருத்துவ விடுப்பில் போய்விட்டதால், இன்னும் மூன்று பேருடைய கோப்புகளோடு அவளுடைய கோப்பும் என் மேஜைக்கு வந்தது. அதை நான் திறந்து பார்த்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

காலையில் அவள் வரும்போது கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் பெட்டி. வராந்தாவில் அதன் வாசனை லேசாக வரும். ஆசிரியர் யாருக்கோ மீன் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். ஒருநாள் மாடிப்படியில் எதிரே வந்தவளிடம், “என்னம்மா, இன்னைக்கு வஞ்சிரமா, சங்கராவா?” என்று கேட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மேலே போனாள். எவ்வளவு கலகலப்பான தலைவர் நான் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இன்றைக்கும் அந்தப் படிக்கட்டை நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது.

இன்னொரு நாள் என் அறைக்கு வந்து நின்றாள். “மேடம், அந்தத் தாள காலைல ஒட்ட முடியுமா?” என்றாள்.

“ஏன்?”

“அஞ்சு மணிக்கு நான் இருக்க மாட்டேன் மேடம்.”

“எல்லாருக்கும் ஒரே விதிதான்மா. ஒருத்தருக்காக மாத்தினா அப்புறம் எல்லாரும் வந்து நிப்பாங்க.”

“சரிங்க மேடம்” என்று போய்விட்டாள். எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

மார்ச் மாதம். ஆய்வறிக்கை கொடுக்க இரண்டு வாரம் கூட இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை மெஷின் அறைப் பக்கம் போனேன். கதவுத் தாளில் அந்த நேரத்துக்கு பிரவீன் என்று எழுதியிருந்தது. நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து பைக்கில் வரும் பையன். உள்ளே மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்ததோ கௌசல்யா. பக்கத்தில் திறந்த தெர்மாகோல் பெட்டி. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் விதியை என் கண் முன்னாலேயே மீறுகிறார்கள்.

“இது யாரோட நேரம்?”

அவள் எழுந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். “மேடம், ரெண்டு பாட்டில்தான் ஆச்சு. இன்னும் நாலு கீது. அத மட்டும் முடிச்சுக்கட்டுமா?” என்றாள்.

திமிர் என்றுதான் எனக்குப் பட்டது. அதற்குள் பிரவீன் கையில் டீயோடு வந்துவிட்டான். “மேம், என் ஸ்லாட்தான். நான்தான் குடுத்தேன்.”

“விதி தெரியுமா?”

“தெரியும் மேம்.”

“தெரிஞ்சே செஞ்சிருக்கே.” இருவருக்கும் இரண்டு வாரம் மெஷின் கிடையாது என்று அங்கேயே சொன்னேன். பிரவீனுக்கு எல்லா அளவீடும் முடிந்திருந்தது, அவனுக்கு நஷ்டமில்லை. கௌசல்யாவுக்கு இரண்டு வாரம் என்றால் ஆய்வே முடியாது. போதாக்குறைக்கு, இன்னொருவர் பெயரில் எடுத்த அளவீடுகளை ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய அன்று மூன்று மணிக்கே துறைக் குழுவைக் கூட்டினேன். கூடாது என்றால் அவள் அந்த வருடம் தேற மாட்டாள்.

கதவருகில் நின்று அவள் ஒன்று மட்டும் சொன்னாள். “ஒரு வருஷம் போச்சுன்னா வூட்ல திரும்ப அனுப்ப மாட்டாங்க மேடம்.” அழவில்லை. நேரம் என்ன என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, மீதி நான்கு பாட்டில்களையும் பெட்டியில் அடுக்கி மூடினாள்.

குழுவில் ஏழு பேர். ஆறு பேர் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள். ஏழாமவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. படாளம் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிட இருபது வயது சிறியவர். ஒவ்வொரு வருடமும் அவருடைய பணியை நீட்டிக்கலாம் என்று தலைவர் எழுதிக் கொடுத்தால்தான் அவருக்கு அடுத்த வருடம் வேலை. அந்த வருடத்துக்கான படிவம் அன்று என் மேஜைமேல்தான் கிடந்தது. அது அவருக்கும் தெரியும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டல்கள் நடந்தன. அப்போது அவர் எழுந்து போய், என்னுடைய அந்தக் கோப்பை, பழைய தாள்கள் இருந்த கோப்பை, எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வருடத்துத் தாள்களை ஆளுக்குக் கொஞ்சமாக எங்கள் முன்னால் வைத்தார்.

“பேருங்கள மட்டும் ஒருவாட்டி பாருங்க” என்றார்.

பார்த்தோம். எழுதியவர்களின் பெயர்கள் இருந்தன. அதில் என்ன இருக்கிறது?

“வகுப்புல இருபத்தாறு பேரு. இந்தத் தாள்ல பதினஞ்சு பேருதான் திரும்பத் திரும்ப வர்றாங்க. மீதி பதினோரு பேரு ஒரு தாள்ல கூட இல்ல.” அந்தப் பதினோரு பெயரையும் பார்க்காமல் சொன்னார். ஒவ்வொரு பெயரோடும் ஓர் ஊர். திருக்கழுக்குன்றம், படாளம், கடலோரக் குப்பங்கள். “பதினோரு பேரும் பஸ்ல வர்றவங்க மேடம். கடக்கரைப் பக்கம் போற பஸ்ஸு நாலு அம்பதுக்கு, படாளம் பஸ்ஸும் கிட்டத்தட்ட அதே நேரந்தான். அத வுட்டா அப்பால ஏழு மணிக்குத்தான்.”

“பஸ் டைம நானா போட்டேன்?” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. “பஸ் டைம நீங்க போடல மேடம். தாள் டைம நீங்கதான் போட்டீங்க.”

அதற்குப் பிறகு நான் சொன்னதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதை எழுத ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். “கௌரவ விரிவுரையாளர்கள் துறை நிர்வாகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் வழக்கம் இங்கே இல்லை” என்றேன். இப்படி, எழுதி வைத்துப் படித்த மாதிரி, சுத்தத் தமிழில் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு இலக்கணம் சுத்தமாகிவிடும்.

அவர் முகம் சிவந்தது. ஆனால் உட்காரவில்லை. “சரிங்க மேடம். ஒரே ஒரு கேள்வி, அதுக்கப்புறம் பேசல. அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு எங்க இருக்கும்னு நம்மள்ல யாருக்காவது தெரியுமா?”

யாருக்கும் தெரியவில்லை. முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். பெரிய மனது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க எனக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது. அணுபுரத்தில் என் தங்கை குடும்பம் இருந்தது. அங்கே போன மாதிரியும் ஆயிற்று, இந்தப் பஸ் மகாத்மியத்தைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று கைப்பையை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனேன்.

நான்கு ஐம்பது பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் பாம்பைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றார்கள். கண்டக்டர், “இன்னாமா, இன்னிக்கு டீச்சரையும் இட்டுகினு வந்துட்டீங்களா?” என்றார். ஒரு ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு எல்லாரும் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டார்கள். கால் மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தார்களோ என்னவோ, மெதுவாகப் பேச்சு தொடங்கியது.

பின் இருக்கையில் கௌசல்யா அந்தத் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் நோட்டை விரித்திருந்தாள். முதலாம் ஆண்டுப் பெண்கள் இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள்மேல் குனிந்து நின்றார்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமை தேர்வு.

“ஃபார்முலாவ வுடு, அப்பால பாத்துக்கலாம்” என்றாள் கௌசல்யா. “தண்ணில தம்மாத்தூண்டு சரக்கு இருந்தா லைட்டு பூந்து அந்தாண்ட வந்துடும். சரக்கு ஜாஸ்தி ஆக ஆக லைட்டு உள்ளயே மாட்டிக்கும். எவ்ளோ மாட்டிச்சுன்றத மெஷின் எண்ணிச் சொல்லுது. அவ்ளோதான். இப்ப நீ சொல்லு, ரெண்டு பங்கு சரக்கு போட்டா இன்னா ஆவும்?”

அந்தப் பெண் சொன்னாள், சரியாக. என்னால் ஜன்னலோரத்தில் உட்கார முடியவில்லை. அந்தப் பாடத்தை நான் இருபது வருடமாகச் சமன்பாட்டில் தொடங்கித்தான் நடத்தினேன். பாதி வகுப்பு எழுதிக்கொள்ளும், கால் வகுப்புக்குப் புரியும். கூட்ட நெரிசலில், குலுங்குகிற பஸ்ஸில், ஐந்து நிமிடத்தில் இவள் சொல்லிக்கொடுத்துவிட்டாள். மாலை ஐந்து மணிக்கு மேல் காத்திருந்து என்னிடம் சந்தேகம் கேட்கிற பிள்ளைகளுக்குத்தான் ஆர்வம் என்று நான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். துறையின் ஆர்வத்தில் பாதி தினமும் இந்தப் பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

எழுந்து பின்னால் போனேன். “அந்தப் பெட்டியைத் திற” என்றேன்.

திறந்தாள். கரைந்துகொண்டிருந்த ஐஸில் ஆறு பாட்டில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் சீட்டு. மாரியம்மன் கோயில் கிணறு. பள்ளிக்கூடக் கைப்பம்பு. சவுக்குத்தோப்புக் கிணறு. கடலோரக் குடிநீர்க் கிணறுகளில் நைட்ரேட் எவ்வளவு என்பதுதான் அவளுடைய ஆய்வு. கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்திருக்கிறாள். மாதிரி எடுத்தால் சீக்கிரமே அளந்துவிட வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். நான் வஞ்சிரமா என்று கேட்டது இந்தப் பெட்டியைப் பார்த்துத்தான்.

“மீதி நாலை என்ன செய்வே?”

“ரோட்ல எறங்குனதும் கொட்டிடுவேன் மேடம். திரும்ப மொண்டுகினு வரணும்.”

“இப்படி எத்தனை தடவை?”

“யாராச்சும் வரலன்னா மெஷின் காலியா கெடைக்கும்னுதான் மொண்டுகினு வருவேன் மேடம்” என்று நோட்டைப் புரட்டிக் காட்டினாள். தேதி, கிணறு, பிறகு ஒரே வரி: ‘மாதிரி எடுத்தது. கருவி கிடைக்கவில்லை. கொட்டியது.’ அதே வரி பக்கம் பக்கமாக வந்தது. எண்ணினேன், பதினேழு முறை. பிரவீன் கொடுத்த நேரங்களில் எடுத்த அளவீடுகளுக்குப் பக்கத்தில், ‘பிரவீன் நேரம்’ என்று நேர்மையாகக் குறித்திருந்தாள். ஏமாற்றுகிறவள் இப்படிக் குறிப்பாளா?

“அந்தப் பம்புத் தண்ணியத்தான் எங்க தெருவுல கைக்கொழந்தைக்குக் கூட குடுக்கறாங்க மேடம்” என்றாள். “காலைல மொள்ளப் போனா, ‘இன்னாமா, தண்ணி நல்லா கீதா’ன்னு கேக்கறாங்க. இன்னும் பாக்கல, இன்னும் பாக்கலன்னு சொல்லிகினே கீறேன். அதான் பேஜாரா கீது.”

அணுபுரத்தில் நான் இறங்கவில்லை. அவளுடைய நிறுத்தம் வரை போனேன். அவள் இறங்கி, சாலையோர மணலில் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துவிட்டு, காலிப் பெட்டியோடு குப்பத்துப் பக்கம் நடந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்த அந்தப் பேராசிரியராவது கேட்டவளின் முகத்தைப் பார்த்து மறுத்தார். நான் யார் முகத்தையும் பார்க்காமலேயே மறுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக கௌசல்யாவை வராந்தாவில் பிடித்தேன். கெடு நெருங்கிவிட்டது, குழுவைச் சமாதானப்படுத்த வேண்டும், இருக்கிற சுலபமான வழி அவளுக்கு மட்டும் தனியாகச் சில நேரம் ஒதுக்கிவிடுவது. யாருக்கும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். அதைத்தான் சொன்னேன்.

“எனக்கு மட்டும்னா வேணாம் மேடம்” என்றாள்.

“வருஷம் போயிடும்னு நீதானே சொன்னே?”

“ஆமா மேடம். ஆனா இன்னும் பத்து பேரு கீறாங்க. எனக்கு மட்டும் குடுத்தா, மேடம் பாவம் பாத்துக் குடுத்தாங்கம்பாங்க. நான் பதினேழுவாட்டி தண்ணி மொண்டது பாவம் பாக்கறதுக்கா?”

முப்பது வருட வேலையில் எத்தனையோ குழுக்களில் சமத்துவம், வாய்ப்பு என்றெல்லாம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். இழப்பதற்கு ஒரு வருடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைத்ததை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவளை அப்போது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தலைவர் என்ற மிடுக்கில் “ம், பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

பத்து மணிக்கு இருபத்தாறு பேரையும் மெஷின் அறை முன்னால் வரச் சொன்னேன். ஆசிரியர்களையும் கூப்பிட்டேன். கதவிலிருந்த தாளைக் கிழித்தேன். இந்த விதியைப் போட்டது நான், தப்பு என்னுடையது, வெள்ளிக்கிழமை கொடுத்த தண்டனையும் தப்பு, பிரவீனிடமும் கௌசல்யாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். இனிமேல் வாரத்துக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்கு, வகுப்பிலேயே எல்லாருமாக உட்கார்ந்து நேரத்தைப் பிரித்துக்கொள்வது. கெட்டுப்போகும் மாதிரி வைத்திருப்பவர்களுக்குக் காலை நேரம். பஸ் வந்து சேரும் எட்டே முக்காலுக்கே அறை திறந்துவிடும். பிரவீன் நேரத்தில் எடுத்த அளவீடுகள் செல்லும். குழுவில் யாரும் மறுக்கவில்லை.

விடுதிப் பையன் ஒருவன், “அப்ப இவ்வளவு நாள் அஞ்சு மணிக்கு வந்து நின்ன நாங்க ஏமாந்தவங்களா மேம்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. “இல்லப்பா. உனக்கு மாலை முழுக்க இருக்கு. அவங்களுக்கு அது இல்லைன்னு எனக்கே இப்பதான் தெரிஞ்சது” என்றேன். அவன் முழு மனதோடு ஏற்றுக்கொண்டான் என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் இப்படி ஏதாவது மாற்றும்போது சிலர் முகத்தைத் தூக்கத்தான் செய்வார்கள். அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பிரவீன் மட்டும், “பரவால்ல மேம். ஆனா இத எங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். நான் டீ குடிக்கப் போனதுக்குத் தண்டனைன்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்றான். சொன்னேன்.

எட்டே முக்காலுக்கு அறையை யார் திறப்பது? நான் கேட்பதற்கு முன்பே கௌரவ விரிவுரையாளர் கை நீட்டினார். அந்த நேரம் அவருடைய பணியில் சேராது. படாளத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கெடு வரை இருந்த பத்து நாளும் அவர்தான் திறந்தார். முந்தின வெள்ளிக்கிழமை நான் பேசிய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாகப் போய், “அன்னைக்கு நான் பேசினது தப்பு” என்றபோது, “அந்தக் கேள்விய நான் மூணு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும் மேடம். எனக்கும் பயம்தான்” என்றார். வேலையைப் பணயம் வைத்துக் கேட்டவர், தாமதமாகக் கேட்டதற்கு என்னிடம் வருத்தப்பட்டார். இந்தத் துறையில் நான் பார்த்த துணிச்சலில் அதற்கு மேல் ஒன்றில்லை.

அவருடைய படிவத்தில் ‘தலைவரின் கருத்து’ என்ற இடத்தில், ‘தலைவர் தவறு செய்தால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர்’ என்று எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. “மேடம், இது குறையா, நிறையா?” நிறை என்றேன். இப்போது அவர் தெற்கே ஒரு கல்லூரியில் நிரந்தரப் பணியில் இருக்கிறார்.

கௌசல்யா கெடுவுக்கு முந்தின நாள் அறிக்கையைக் கொடுத்தாள். சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். நன்றிப் பக்கத்தை நான் எப்போதும் படிப்பதில்லை. எல்லாவற்றிலும் துறைத் தலைவரின் ‘மேலான வழிகாட்டுதல்’ இருக்கும்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கறாரானவர். கிணறுகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். பள்ளிக்கூடக் கைப்பம்பிலும் இன்னொரு கிணற்றிலும் நைட்ரேட் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது, தெருவில் சொல்லிவிட்டேன், குழந்தைகளுக்கு இப்போது வேறு கிணற்றில் மொள்ளுகிறார்கள் என்றாள். அவர் தலையசைத்தார். பிறகு அவளுடைய நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

“கருவி கிடைக்கலைன்னு பதினேழு இடத்துல எழுதியிருக்கீங்க. ரிப்பேரா?”

“இல்ல சார்.”

“பின்னே?”

அவள் ஒரு கணம் என் பக்கம் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துவிட்டாள். “பஸ்ஸுக்கு நேரம் ஆயிடும் சார்.”

“அப்ப கருவி இருந்திருக்கு. நீங்கதான் இல்ல” என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். துறையின் மானம் என்று ஒன்று இருக்கிறதே. அவளே என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். “சார், அவள் தினமும் தண்ணியோட வந்தாள். அவளால வர முடியாத நேரத்துல மெஷினுக்குப் பேர் எழுதணும்னு விதி போட்டது நான். அந்தப் பதினேழும் என் தப்பு. அவளோட கணக்குல எழுதாதீங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அறிக்கையின் தொடக்கப் பக்கங்களுக்குப் போய், “ஓ, அதுதானா இது? படிக்கும்போது எனக்குப் புரியல” என்று சொல்லி உரக்கப் படித்தார். ஆங்கில அறிக்கையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவள் தமிழில் எழுதியிருந்தாள்.

‘எனக்காக இரண்டு நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைத்த கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி. தன் நேரத்தைக் கொடுத்துத் தண்டனை வாங்கிக்கொண்ட பிரவீனுக்கு நன்றி. காலையில் கதவைத் திறந்த சாருக்கு நன்றி. தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று தினமும் கேட்ட எங்கள் தெருவுக்கு நன்றி. தான் ஒட்டிய தாளைத் தானே கிழித்த துறைத் தலைவருக்கு நன்றி.’

நான் ஓய்வு பெற்ற நாளில் பொன்னாடைகளும் போர்த்தினார்கள், வாழ்த்து மடல்களும் படித்தார்கள். ஒரு வார்த்தை நினைவில்லை. அந்தக் கடைசி வரி மட்டும் மனப்பாடமாக இருக்கிறது.

இனி உங்கள் செயலிக்கு வருகிறேன். அந்த நான்கு ஐம்பது பஸ் இன்னும் ஓடுகிறது. விசாரித்துவிட்டேன். மாலை ஆறு மணிக்கு அது திருக்கழுக்குன்றம் தாண்டி, அணுபுரத்துக்கு இந்தப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் செல்போன் சிக்னல் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.